இருட்டறையில் நான் தொழுவித்த மஃரிப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை கேட்டால் சிரிக்கிற ஆள் நான். வயரிங் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கதையெல்லாம் சரிவராது. லைட் தானாக அணைகிறது, தானாக எரிகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார்கள், போய்க் கழற்றினால் ஹோல்டருக்குள் ஸ்க்ரூ லூசாக இருக்கும், இல்லாவிட்டால் பல்லி செத்துக் கிடக்கும். கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் மாதக்கணக்காக ஓதிப் பார்த்து, ஓதின தண்ணீரை மூலை மூலையாகத் தெளித்து, ஒன்றும் நடக்காமல் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எலி வயரைக் கடித்திருந்தது. ஜின் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன், குர்ஆனில் இருப்பதை இல்லை என்று சொல்ல நான் யார். ஆனால் அது அதன் பாட்டில் இருக்கட்டும், நான் என் பாட்டில் இருக்கிறேன் என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து மறியல் ஒன்று இருக்கிறது. மறியல் என்றால் சிறைச்சாலை, எங்களூரில் அப்படித்தான் சொல்வோம். கடைசிக் கைதியைக் கொண்டுபோய் எத்தனையோ காலம். பிறகு அதில் நெல் மூட்டை அடுக்கினார்கள், சுனாமி வந்தபோது நிவாரணச் சாமான் போட்டார்கள், அதற்குப் பிறகு வௌவால் மட்டும்தான் குடியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, ஊர் நூதனசாலையாக, அதாவது அருங்காட்சியகமாக, மாற்றினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பழைய பள்ளிக்கூட அதிபர். நாங்கள் அதிபர் சேர் என்போம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை, எங்களையும் மாணவர்கள் மாதிரித்தான் விரட்டுவார்.

வயரிங் வேலை எனக்கும் சுதாகருக்கும் வந்தது. சுதாகர் பெரியநீலாவணைக்காரன், என் வயதுதான், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை எடுப்போம். கைதிகள் இருந்த ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒவ்வொரு காட்சி வைத்திருந்தார்கள். ஒன்றில் நெல் வெட்டுகிற ஆள், ஒன்றில் வலை இழுக்கிற ஆட்கள், ஒன்றில் தறியில் ஒரு பெண், எல்லாம் ஆளுயரத்துக்குச் செய்த பொம்மைகள். துணிக்கடைப் பொம்மைக்குச் சாரமும் சால்வையும் போட்டு மீசை ஒட்டியிருந்தார்கள், ஒரு மீனவர் அச்சு அசலாக எங்கள் பள்ளிவாசல் கணக்கப்பிள்ளை போலவே இருந்தார். சுதாகர் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் காலையில் வேலை தொடங்குவான்.

பின்பக்கக் கடைசியில் ஒரு அறை மட்டும் வெறுமையாக இருந்தது. ஜன்னல் இல்லை. வாசல் ஒன்று, அதுவும் உள்நடையைப் பார்த்துத்தான் திறக்கும். இருட்டறை என்று வாசலில் பலகை அடித்திருந்தார்கள். குழப்படி செய்கிற கைதியை அதற்குள் போட்டுப் பூட்டுவார்களாம்.

அதிபர் சேர் என்னிடம் சொன்னார்: "இதுக்குள்ள போட்டா பகலா இரவா எண்டு தெரியாது நவாஸ். சாப்பாடு வந்தாலும் அது காலச் சாப்பாடா அந்திச் சாப்பாடா எண்டு விளங்காது. வெளிச்சம் கூடப் போட்டுராத. உள்ள வாற புள்ளையளுக்குக் கொஞ்சம் பயம் வரணும்."

"பயம் வரும் சேர், கரண்ட் பில்லப் பாத்தா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதெல்லாம் நடந்த நாட்களில் என் மனைவி றிஸ்வானா நிறைமாதம். எங்களுக்கு அதற்கு முதல் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதைப்பற்றி நான் யாரிடமும் கதைப்பதில்லை, உங்களிடமும் இவ்வளவுதான். இந்த முறை டொக்டர் ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார், பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மறுநாள் காலையில் ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டார்கள். மாமி, அதாவது றிஸ்வானாவின் உம்மா, பக்கத்தில் இருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மத்தியானம் அதிபர் சேர் கோல் எடுத்து, திறப்பு விழா நெருங்கிவிட்டது, இருட்டறை லைட் இன்னும் எரியவில்லை என்று கத்தினார்.

மாமிதான் அனுப்பிவைத்தார். "நீங்க இஞ்ச நிண்டு என்ன செய்யப் போறீங்க மகன்? வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து அவளுக்கும் பிரஷர ஏத்துறீங்க. போய்த்து வேலைய முடிச்சிட்டு வாங்க."

றிஸ்வானா என் கையைப் பிடித்து, "மஃரிபுக்குப் பொறகு வந்துருங்க, என்ன?" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வேலை நினைத்ததை விட இழுத்தது. அந்தக் காலத்துச் சுவர், ட்ரில் இறங்கமாட்டேன் என்கிறது. ஒருவழியாக வாசலுக்கு மேலே, உட்பக்கமாக, ஒரு சின்ன மஞ்சள் லைட்டை மாட்டி, எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரித் திருப்பி வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது. அந்த அறை கட்டினதிலிருந்து அதற்குள் எரிந்த முதல் விளக்கு அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது பெருமையாகக் கூட நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு முட்டாள்தனம்.

முன்பக்கம் இன்னும் சில கிளிப் அடிக்க வேண்டியிருந்தது. சுதாகர் கடைக்குப் போய் கிளிப்பும் பிளேன்டீயும் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் போன கையோடு அந்தித் தொழுகைக்கு அழைக்கிற மஃரிப் வாங்கு கேட்டது. பள்ளிவாசல் தூரம். போய், ஜமாஅத்துடன் சேர்ந்து தொழுது, திரும்பி வந்து, வேலையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் றிஸ்வானா காத்துக்கொண்டே இருப்பாள். இங்கேயே தொழுவோம் என்று முற்றத்துப் பைப்பில் முகம் கை கால் கழுவி வுழூ செய்துகொண்டு வந்தேன்.

எங்கே தொழுவது? அங்கேதான் பிழை நடந்தது. உருவங்கள் இருக்கிற இடத்தில் நாங்கள் தொழமாட்டோம். எந்தக் கூண்டை எட்டிப் பார்த்தாலும் ஒரு பொம்மை நிற்கிறது, கூண்டு இல்லாத இடத்தில் பழைய ஆட்களின் போட்டோ மாட்டியிருக்கிறது. பொம்மையும் படமும் இல்லாத ஒரே இடம் இருட்டறை. யோசிக்கவே இல்லை. லைட் வந்த மட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தேன், போனைச் சத்தமில்லாமல் போட்டு வாசலோரத்தில் டூல்ஸ் பெட்டிக்கு மேல் வைத்தேன், மக்காவைப் பார்க்கிற கிப்லாத் திசை எதிர்ச்சுவர்ப் பக்கம்தான், கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நின்று தக்பீர் கட்டினேன். அப்படி நின்றால் வாசல் என் முதுகுக்குப் பின்னால். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மஃரிபுக்கு மூன்று ரக்அத், நின்று குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து எழும்புகிற மூன்று சுற்று. முதல் ரக்அத்தில் ஒன்றுமில்லை. மெதுவாகத்தான் ஓதினேன். மனம் முழுக்க ஆஸ்பத்திரியில். இரண்டாவது ரக்அத்துக்கு எழும்பி நின்று கையைக் கட்டினேன், அப்போது என் வலது தோளில் யாரோ தட்டினார்கள்.

உங்களுக்கு இந்த வழக்கம் தெரியுமோ தெரியாது. ஒருவர் தனியாகத் தொழும்போது பிந்தி வருகிறவர் அவருடைய தோளை மெல்லத் தட்டுவார். உன்னைப் பின்பற்றித் தொழுகிறேன், இனி நீதான் இமாம் என்று அர்த்தம். தட்டப்பட்டவர் திரும்பிப் பார்ப்பதில்லை, சத்தத்தை உயர்த்தி ஓதத் தொடங்குவார், அவ்வளவுதான். பள்ளிவாசலில் தினமும் நடக்கிறது. நானும் அதிபர் சேர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லைட் எரிகிறதா என்று பார்க்க வந்தவர் தொழுகையில் சேர்ந்துவிட்டார், எனக்கோ இமாமத் செய்து பழக்கமில்லை, என் ஓதலில் பிழை பிடிக்கப்போகிறார் என்ற கவலைதான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஒன்றும் வரவில்லை. சத்தத்தை உயர்த்தி ஓதினேன்.

ஒருவர் மட்டும் சேர்ந்தால் அவர் இமாமுக்கு வலது பக்கத்தில் நிற்க வேண்டும். என் வலது பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியென்றால் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், பின்னால் வரிசை கட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதி முடித்தேன்.

ஆமீன் என்றார்கள்.

இரண்டு பேர் சொன்ன ஆமீன் இல்லை அது. ஜும்ஆவுக்கு எங்கள் பள்ளிவாசல் நிரம்பியிருக்கும்போது பின்வரிசையிலிருந்து கேட்குமே, அந்த ஆமீன். அடித்தொண்டையால், எல்லாரும் சேர்ந்து, இழுத்துச் சொன்னார்கள். அந்த அறையில் நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம், அதற்கு மேல் இடம் கிடையாது. எனக்குப் பின்னால் கொஞ்சம் தூரத்தில் வாசல்சுவர் இருக்கிறது, ஆனால் அந்தச் சத்தம் சுவருக்கும் அப்பால், மிகத் தூரத்திலிருந்து கிளம்பி என் பிடரிக்கு வந்தது.

அப்போதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். நான் மாட்டின லைட் வாசலுக்கு மேலே, எனக்குப் பின்னால் எரிகிறது. வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுகிறது. எனக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றால் அவனுடைய நிழல் அந்தச் சுவரில் விழுந்தே ஆகவேண்டும், அந்தக் கோணத்தில் லைட்டைத் திருப்பி வைத்தவனே நான்தான், என் தொழில் அது, இதில் எனக்குப் பிழை வராது. சுவரில் ஒரு நிழல்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற என் நிழல் மட்டும்தான்.

 தெரிந்த சூராக்களில் ஆகச் சின்னதைத் தேடுகிறேன், எதுவும் வரவில்லை, குல்ஹுவல்லாஹுவே வரவில்லை, சின்னப் பிள்ளைக்கும் பாடமான சூரா. எப்படியோ ஓதினேன். அல்லாஹு அக்பர் என்று ருகூஉவுக்குக் குனிந்தேன். பின்னால் எல்லாரும் குனிந்தார்கள். உடுப்பு உரசுகிற சத்தம், மூட்டுகள் மடிகிற சத்தம். ஸுஜூதுக்குப் போனபோது முழங்கால்கள் தரையில் பட்டது எனக்கு என் முழங்காலில் அதிர்ந்தது. நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தொழுகையை முறித்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எங்கே ஓடுவது, வாசல் அவர்களுக்குப் பின்னால். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் விசர் என்பீர்கள். இமாம் இடையில் விட்டுவிட்டுப் போனால் பின்னால் நிற்கிறவர்களின் தொழுகை என்ன ஆகும்? அவர்கள் யாராக இருந்தாலும் என்னை நம்பித்தானே நிற்கிறார்கள், நான் பாதியில் விட்டால் அவர்களுக்குக் கோபம் வராதா? அந்தக் கோபத்தை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு ரக்அத் முடிந்து நடு இருப்பில் உட்கார்ந்திருக்கும்போது டூல்ஸ் பெட்டிக்கு மேல் போன் அதிரத் தொடங்கியது. தகரத்தின் மேல் நடுங்குகிற அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அந்த நேரத்தில் இரண்டு தரம் எனக்குக் கோல் எடுக்கிற ஆள் மாமியைத் தவிர வேறு யாரும் இல்லை. காலையில்தானே ஒப்பரேசன், இப்போது ஏன் எடுக்கிறார்? போன பிள்ளைக்கும் இப்படித்தான் திடீரென்று கோல் வந்தது.

மூன்றாவது ரக்அத்தில் மௌனமாக ஓத வேண்டும். அந்த மௌனத்தில் அவர்கள் மூச்சு விடுகிறது கேட்டது. எப்படிச் சமாளித்தேன் என்று தெரியாது. கடைசி இருப்பில் உட்கார்ந்தபோது அடுத்த பயம் வந்தது. ஸலாம் கொடுக்க வேண்டும். முகத்தை முழுதாக வலது பக்கம் திருப்பி, பிறகு இடது பக்கம் திருப்பி, பின்னால் இருப்பவர்கள் என் கன்னத்தைப் பார்க்கிற அளவுக்குத் திருப்ப வேண்டும். அவர்கள் என் கன்னத்தைப் பார்த்தால் நான் அவர்களைப் பார்க்க வேண்டிவரும். கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது பக்கம் கொடுத்தேன், இடது பக்கம் கொடுத்தேன்.  அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது, இனிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

எழும்பினார்கள்.

எனக்கு உடனே விளங்கியது. இரண்டாவது ரக்அத்தில் வந்து சேர்ந்தவர்கள். பிந்தி வந்தவருக்கு எத்தனை ரக்அத் தவறியதோ அதை இமாம் ஸலாம் கொடுத்த பிறகு எழும்பி நின்று தனியாகத் தொழுது நிறைவேற்ற வேண்டும். ஒரு ரக்அத் பாக்கி இருக்கிறது. தொழுது முடிக்கட்டும். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக்கூடாது, அது பெரிய பாவம், பள்ளிவாசலில் அவசரமாக எழும்பிப் போகிறவர்களும் பின்னால் ஆள் தொழுதால் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை. சுவரில் என் ஒற்றை நிழலைப் பார்த்துக்கொண்டு காதால் எண்ணினேன். நின்றார்கள், குனிந்தார்கள், ஸுஜூது செய்தார்கள், இருந்தார்கள், ஸலாம் கொடுத்தார்கள். போன் மறுபடி அடித்தது. நான் எழும்பக் காலை ஊன்றினேன்.

அவர்கள் மறுபடி எழும்பிவிட்டார்கள்.

மறுபடி தக்பீர், மறுபடி ருகூஉ, மறுபடி ஸுஜூது. அது முடிந்ததும் இன்னொன்று. நிறுத்தவில்லை. எனக்கு அப்போதுதான் அதிபர் சேர் சொன்னது தலைக்குள் ஏறியது, பகலா இரவா என்று தெரியாத இடம். விடியற்காலை ஸுப்ஹு எப்போது, மத்தியானத்து ளுஹர் எப்போது என்று தெரியாமல் கிடந்தவர்கள். விட்டுப்போன தொழுகையை நாங்கள் களா என்போம், விட்டதையெல்லாம் என்றைக்காவது தொழுது தீர்க்க வேண்டும். இவர்களுக்கு எத்தனை வருஷத்துக் களா பாக்கி இருக்கும்? அது முடியும்வரை நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா? அங்கே என் பிள்ளை?

அப்போது உள்நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. சுதாகர் வந்துவிட்டான்.

வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டான். "மச்சான், தொழுது முடிஞ்சா? உண்ட போன் அடிச்சிக்கிட்டே கிடக்கு."  அவன் போனை எடுத்துக் கதைக்கிறது கேட்டது. பிறகு அவனுடைய குரல் மாறிவிட்டது. "மச்சான், உண்ட மாமிதான். பிரஷர் கூடிட்டாம். இப்பவே ஒப்பரேசனுக்குக் கொண்டுபோறாங்களாம், உன்ன உடனே வரட்டாம். எழும்புடா!"

எழும்பினேன். திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதுகை வலப்பக்கச் சுவரோடு ஒட்டி, கையால் தடவித் தடவிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். வரிசைகள் சுவருக்குச் சுவர் நிற்கும் என்று தெரியும், ஆனால் ஓரத்தால் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. ஓரிரு அடி வைத்திருப்பேன். என் நெஞ்சில் ஒரு கை வந்து பட்டது.

அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. குறுக்கே போகப் பார்க்கிறவனைத் தொழுகிறவர் கையை நீட்டி மறிப்பாரே, அப்படி மறித்தது. உள்ளங்கை சேர்ட்டுக்கு மேலாக என் நெஞ்சுக்குழியில் பதிந்திருந்தது. குளிர்ந்த கை என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. இளஞ்சூடாக, ஒரு உயிருள்ள மனுசனின் கை போலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆகப் பயமான விசயம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சுதாகர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். நான் வாயைத் திறந்து சொன்னேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன்: "என்ட புள்ள பொறக்கப் போகுது. முந்தின புள்ளயும் தங்கல்ல. எனக்கு வழி விடுங்க. அல்லாக்காக வழி விடுங்க."

ஒரு அசைவும் இல்லை. பிறகு அந்தக் கை எடுபட்டது. வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஒதுங்கினால் கால்கள் தரையில் தேயுமே, அந்தச் சத்தம் என் பக்கத்திலிருந்து தொடங்கி அடுத்தடுத்த வரிசைகளாகப் பின்னால், பின்னால், நெடுந்தூரத்துக்குப் போனது. நான் அந்த இடைவெளியால் ஓடிவந்து சுதாகரில் மோதினேன். பிளேன்டீ முழுக்க அவன் சேர்ட்டில்.

சைக்கிளில் ஏறின பிறகு அவனிடம் கேட்டேன், உள்ளே யாரைப் பார்த்தாய் என்று.

"உன்னத்தான் பாத்தன். வேற ஆரு இருந்த? சுவரோட பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிண்டு வழி விடுங்க வழி விடுங்க எண்டு சத்தம் போட்டாய். எனக்கு என்ன செய்யிற எண்டே தெரியல்ல. பயத்துல மூளை பிசகிட்டு எண்டு நினைச்சன்." அதற்குமேல் அவன் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நல்ல மனுசன், ஊரில் யாருக்கும் சொல்லவும் இல்லை.

பிறகு எங்கள் மௌலவியிடம் மட்டும் சொன்னேன். வஸ்வாஸ் தம்பி, பிள்ளையைப் பற்றின கவலை, மனசு தானே உண்டாக்கினது, ஆயத்துல் குர்ஸி ஓதுங்கள் என்றார். இருக்கலாம். என்னை விட ஓதினவர். நூதனசாலை திறந்தாயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள், இருட்டறைக்குள் நின்று செல்பி எடுக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த லைட் ஒருமுறை பழுதானபோது சுதாகர்தான் போய் மாற்றினான்.

ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் மௌலவிக்கும் சொல்லவில்லை, சுதாகருக்கும் சொல்லவில்லை. றிஸ்வானாவுக்குச் சொல்லவே மாட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒப்பரேசன் முடிந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மாமி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "பொம்புளப் புள்ளதான் மகன். பாருங்க, உங்கட மூக்கு. வாங்கு சொல்லுங்க." பிறந்த பிள்ளைக்கு வலது காதில் வாங்கும் இடது காதில் இகாமத்தும் வாப்பா சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்ற சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடந்ததெல்லாம் மறந்தே போய்விட்டது. வார்டு ஓரத்தில், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வலது காதில் மெதுவாக வாங்கு சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிள்ளையை மறுபக்கம் திருப்பி, இடது காதில் இகாமத் தொடங்கினேன்.

இகாமத் என்றால் தொழுகை தொடங்கப்போகிறது, எழும்பி வரிசையில் நில்லுங்கள் என்கிற அழைப்பு. அதில் கத்காமதிஸ் ஸலாத் என்று ஒரு இடம் வரும், தொழுகை நிலைபெற்றுவிட்டது என்று அர்த்தம், பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கிற சனமெல்லாம் அந்த இடத்தில்தான் எழும்பும். நான் அதைச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் எழும்பினார்கள். எல்லாரும் ஒன்றாக எழும்பி, வரிசையில் இடைவெளி இல்லாமல் கால்களை நெருக்கி வைக்கிற சத்தம் கேட்டது. என் முதுகு சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நிற்க இடமே இல்லை.

அப்படியே நிறுத்திவிட்டேன். முடிந்ததா என்று மாமி கேட்டார், முடிந்தது என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

மகள் இப்போது நன்றாக ஓடித் திரிகிறாள், அல்லாஹ்வுக்குப் புகழ். ஆனால் அவளுடைய இடது காதில் இகாமத் பாதியில் நிற்கிறது. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொல்லிவிடலாமென்று எத்தனையோ தரம் குனிந்திருக்கிறேன். இகாமத் முடிந்ததும் இமாம் முன்னால் போய்த் தக்பீர் கட்ட வேண்டும், அவர்களுக்கு இமாம் நான்தான். எழும்பினவர்கள் உட்கார்ந்த சத்தத்தை நான் இன்னும் கேட்கவில்லை.